இரண்டு வருடப் படிப்பு போதுமா?

தம்பி, சென்னை நந்தனத்தில் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டம் முடித்துவிட்டு, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான உடற்கல்வியில் மேற்படிப்புக்குக் கலிபோர்னியா வருவதாக எழுதியிருந்தீர்கள். இங்கே இரண்டு வருடம் படித்தால் பள்ளியில் தைரியமாக நிற்க முடியுமா என்று கேட்டீர்கள். பாதி தைரியம் படிப்பில் கிடைக்கும். மீதியை நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

நானும் சைதாப்பேட்டையிலிருந்து வந்தவள்தான். இங்கே நடத்தும் பாடத்தைக் குறை சொல்ல மாட்டேன். 1975-இல் வந்த அமெரிக்கச் சட்டம், சிறப்புக் கல்வி என்பதன் விளக்கத்திலேயே உடற்கல்வியைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. நம் வகுப்பு தயவில் கிடைப்பதல்ல, அந்தக் குழந்தையின் உரிமை. இதை நன்றாக மனதில் பதிய வைப்பார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள சில குழந்தைகளுக்குக் கழுத்து மூட்டு தளர்ந்திருக்கும், மருத்துவர் சொல்லாமல் குட்டிக்கரணம் போட விடக் கூடாது என்பதெல்லாம் அந்தப் படிப்பில் கற்றதுதான்.

வேலையில் சேர்ந்ததும் ஐந்து பள்ளிகள் கொடுத்தார்கள். கார் டிக்கியில் பந்துகளைப் போட்டுக்கொண்டு ஓட்டம். முதல் வாரம், பழக்கத்தில் விசில் ஊதிவிட்டேன். ஆட்டிசம் உள்ள ஒரு பையன் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் சுருண்டு உட்கார்ந்துவிட்டான். திடீர்ச் சத்தம் சிலருக்குத் தாங்காது என்று தேர்வில் எழுதியவள்தான் நான். கைக்கு அது தெரிந்திருக்கவில்லை.

அதைவிடக் கஷ்டம் ஐ.இ.பி. கூட்டம். ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் திட்டம் போட, பெற்றோரும் ஆசிரியர்களும் மற்ற நிபுணர்களும் உட்காருவார்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமல் வளர்ந்தவள், வாயைத் திறக்கவில்லை. ஒரு சிறுமிக்கு வாரத்தில் ஒரு வகுப்பு குறைந்துபோனது. இன்னமும் உறுத்துகிறது. அப்புறம், நம்மைவிட வயதில் மூத்த வகுப்பு உதவியாளரிடம் எப்படி வேலை சொல்வது என்றும் யாரும் கற்றுத்தரவில்லை.

அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். குழந்தைகளோடு எத்தனை மணி நேரம் விடுவார்கள், ஐ.இ.பி. கூட்டத்தில் உட்கார விடுவார்களா என்று கேளுங்கள். இங்குள்ள தேசியச் சான்றிதழ்த் தேர்வு எழுதவே 200 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும். என்னைக் கேட்டால் அதுவும் குறைவு. கிளம்ப நாள் இருந்தால், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறதே, அங்கே தன்னார்வலராக வரலாமா என்று நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

சரி, இன்னொன்று. முதுகலைப் பட்டம் மட்டும் இருந்தால் அரசுப் பள்ளியில் வகுப்பெடுக்க முடியாது. ஆசிரியர் உரிமமும், இந்தத் துறைக்கான கூடுதல் அங்கீகாரமும் வேண்டும். அதற்குச் சென்னைப் பட்டத்தை இங்கே மதிப்பீடு செய்யக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலைக் கல்லூரி முத்திரையோடு ஒட்டிய உறையில் இரண்டு மூன்று வாங்கி வாருங்கள்.