ஞாயிறு காலை 75.9 (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கு மாதமாக எடை குறைக்க முயல்கிறேன். தினமும் காலையில் பார்த்து எழுதி வைக்கிறேன். சென்ற இரண்டு வாரக் கணக்கு, திங்கள் முதல் ஞாயிறு வரை: முதல் வாரம் 75.6, 75.1, 74.9, 75.3, 74.6, 74.2, 75.9. இரண்டாம் வாரம் 74.8, 75.1, 74.9, 74.5, 74.3, 74.4, 74.7.

முதல் வாரம் சனிக்கிழமை இரவு ஒரு விருந்துக்குப் போனேன். மறுநாள் 1.7 கிலோ கூடியிருந்தது. அழுதுவிட்டேன். அன்று முழுக்கப் பட்டினி கிடந்தேன். திங்களன்று இறங்கி, செவ்வாயன்று மறுபடி ஏறிவிட்டது. தினமும் பார்க்காதே, வாரம் ஒருநாள் பார்த்தால் போதும் என்கிறாள் தோழி. அது சரியா? மெஷின் பழுதாக இருக்குமோ? கொழுப்பு அளவும் காட்டுகிற மெஷின் வாங்கலாமா? தண்ணீரைக் குறைத்தால் உதவுமா?

க.

அன்புள்ள க.,

'பட்டினி கிடந்தேன்' என்ற இடத்தில் கடிதத்தை வைத்துவிட்டு யோசித்தேன். காலையில் மெஷின் காட்டும் எண்ணை வைத்து அன்றைய சாப்பாட்டை முடிவுசெய்யும் பழக்கம் பற்றிச் சில காலமாகவே எழுத நினைத்திருந்தேன். நீங்கள் கணக்கோடு வந்திருக்கிறீர்கள். கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. 1.7 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் அன்றைய தேவைக்கு மேல் 13,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரு விருந்தில் அது யாராலும் முடியாது. நீங்கள் 1,500 கலோரி கூடுதலாகவே சாப்பிட்டிருந்தாலும், அது முழுவதும் கொழுப்பாகவே மாறினாலும், 200 கிராமைத் தாண்டாது.

மிச்சம் எங்கிருந்து வந்தது? மாவுச்சத்தை உடல் கிளைகோஜனாகச் சேமிக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராமும் தன்னுடன் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நான்கு மாதம் குறைத்துச் சாப்பிட்டதில் உங்கள் கிடங்கு பாதி காலியாகத்தான் இருந்திருக்கும். விருந்தில் 200 கிராம் நிரம்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரோடு சேர்த்து 800 கிராம். அடுத்தது உப்பு. உடல் தன் நீரில் லிட்டருக்குச் சுமார் 9 கிராம் உப்பு என்ற விகிதத்தைக் காக்கும். 5 கிராம் உப்பு கூடுதலாகப் போனால் அரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் தங்கும். சிறுநீரகம் அதை வெளியேற்ற ஒன்றிரண்டு நாள் ஆகும். மீதி முன்னூறு, நானூறு கிராம் இன்னும் குடலில் இருக்கிற உணவு. 1.7 கிலோவுக்குக் கணக்கு முடிந்தது.

இந்தத் தண்ணீருக்காகவா அழுதீர்கள்? அழுததையாவது விடுங்கள், பட்டினி கிடந்தீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. திங்களன்று 74.8 வந்ததும் பட்டினி பலித்தது என்று நினைத்திருப்பீர்கள். வழக்கம்போலச் சாப்பிட்டிருந்தாலும் உப்பு நீர் இறங்கியிருக்கும், எடையும் இரண்டு மூன்று நாளில் தானாகக் குறைந்திருக்கும். பட்டினியில் கிளைகோஜன் இன்னும் கொஞ்சம் கரைந்தது. திங்களன்று சாப்பிட்டதும் அது நிரம்பியது. செவ்வாய்க்கிழமையின் 75.1 அதுதான். ஏறினால் பட்டினி, பட்டினியால் அடங்காத பசி, அந்தப் பசியில் அளவு மீறிய சாப்பாடு, மறுநாள் மறுபடி ஏற்றம். நல்ல மனஉறுதி உள்ளவர்களே இந்தச் சுழலில் சிக்கிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து இனி அப்படிச் செய்யாதீர்கள்.

தோழியின் யோசனைக்கு வருகிறேன். அக்கறையோடு சொல்லியிருக்கிறார், ஆனால் தவறான யோசனை. உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை மட்டும் பார்ப்பவராக இருந்திருந்தால் 74.2, அடுத்த வாரம் 74.4. 'ஒரு வாரம் கஷ்டப்பட்டும் 200 கிராம் கூடிவிட்டது.' செவ்வாய் மட்டும் என்றால் 75.1, 75.1. 'அப்படியே நிற்கிறது.' புதனும் அப்படித்தான், 74.9, 74.9. ஞாயிறு மட்டும் என்றால் 75.9, 74.7. '1.2 கிலோ குறைந்துவிட்டது!' உடம்பு ஒன்று, உணவு ஒன்று, வாரம் ஒன்று. தீர்ப்பு மட்டும் மூன்று. வாரம் ஒருமுறை பார்ப்பதால் ஏற்ற இறக்கம் நின்றுவிடுவதில்லை. அது கண்ணில் படாமல் போகிறது, அவ்வளவுதான். கையில் சிக்கும் அந்த ஒற்றை எண்ணை உண்மை என்று நம்பவும் வைக்கிறது.

ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்துப் பாருங்கள். முதல் வாரச் சராசரி 75.1. இரண்டாம் வாரம் 74.7. விருந்து சாப்பிட்ட வாரத்திலிருந்து இந்த வாரத்துக்கு 400 கிராம் இறங்கியிருக்கிறது. நாளுக்கு 440 கலோரி குறைத்துச் சாப்பிடுபவருக்கு வாரத்தில் குறைய வேண்டிய அளவும் அதேதான். ஆக, கடிதத்திலேயே பதில் இருந்தது. நீங்கள் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் துடித்தீர்கள், கூட்டிப் பார்க்கவில்லை.

நாளுக்கு 440 கலோரி குறைவு என்றால் கரையும் கொழுப்பு 60 கிராம்கூட முழுதாக இல்லை. தண்ணீரும் குடலும் ஒரே நாளில் ஒரு கிலோவை மேலும் கீழும் ஆட்டுகின்றன. ஒரு கிலோ ஆட்டத்துக்குள் 60 கிராமைத் தேடினால் கிடைக்காது. நான்கு வாரத்தில் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும்போது எந்த ஆட்டத்தாலும் அதை மறைக்க முடியாது. ஆகவே உணவின் அளவை மாற்றுவது பற்றி நான்கு வாரச் சராசரிகளைப் பக்கத்தில் வைத்து முடிவெடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஒன்றை நீங்கள் எழுதவே இல்லை: மாதவிடாய்த் தேதி. வருவதற்கு முந்தைய வாரத்தில் பல பெண்களுக்கு நீர் கோத்து ஒரு கிலோ, சிலருக்கு அதற்கு மேலும் ஏறும். வந்த சில நாளில் வடிந்துவிடும். அந்த வாரத்தின் சராசரியே ஏமாற்றும். அதனால் இந்தச் சுழற்சியின் மூன்றாம் வாரத்தைச் சென்ற சுழற்சியின் மூன்றாம் வாரத்தோடு ஒப்பிடுங்கள். புதிதாகப் பளு தூக்கத் தொடங்கினாலும் தசைகள் வீங்கி நீர் பிடிக்கும். சில நாள் எடை இறங்காது. பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

கொழுப்பு காட்டும் மெஷின் வேண்டாம். பாதத்தின் வழியே சிறு மின்சாரம் செலுத்தி, அதன் தடையை வைத்து ஊகிக்கிறது. தண்ணீர் குடித்தால் ஒன்று, வியர்த்தால் ஒன்று. தண்ணீரைக் குறைப்பதும் வேண்டாம். பேதி மாத்திரை, நீர் பிரிக்கும் மாத்திரை பக்கமே போகாதீர்கள். கொழுப்பு ஒரு கிராம்கூடக் குறையாது, பொட்டாசியம் இறங்கி இதயத்துக்கு ஆபத்து வரும்.

மெஷின் பழுதா என்று சோதிப்பது சுலபம். விரிப்பு இல்லாத சமமான கெட்டித் தரையில் வையுங்கள். இடம் மாற்றினால் காலால் ஒருமுறை அழுத்தி, பூஜ்யம் வரும்வரை காத்திருங்கள். ஏறி நின்று பாருங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் நிறைத்த பாட்டிலோடு ஏறுங்கள், ஒரு கிலோவும் பாட்டிலின் எடையும் கூட வேண்டும். பாட்டிலை வைத்துவிட்டு மறுபடி ஏறினால் பழைய எண் திரும்ப வேண்டும். மூன்று முறை ஏறினேன், மூன்று முறையும் ஒரே எண் என்று நம்பிவிட வேண்டாம். சில மெஷின்கள் வித்தியாசம் சிறிதாக இருந்தால் முந்தைய எண்ணையே திரும்பக் காட்டும்படி செய்யப்பட்டவை. பாட்டில் சோதனை அதற்காகத்தான்.

எழுந்ததும் கழிப்பறை சென்றுவந்து, எதுவும் குடிக்கும் முன், ஒரே அளவு உடையில் நின்று எழுதுங்கள். எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுங்கள். ஞாயிறன்று மட்டும் கூட்டி வகுங்கள். தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளந்து அதே நோட்டில் குறியுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ, சராசரி போட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

க., இந்த முறையிலும் எண்ணைப் பார்த்ததும் சாப்பாட்டைத் தள்ளிவிடத் தோன்றினால் மெஷினை வீட்டை விட்டே அனுப்பிவிடுங்கள், டேப் மட்டும் போதும். அது தொடர்ந்தால் உணவுச் சிக்கல்களைப் பார்க்கும் மருத்துவரிடம் பேசுங்கள். தோன்றவில்லை என்றால் அடுத்த நான்கு வார எண்களை எழுதி, மாதவிடாய்த் தேதியைப் பக்கத்தில் குறித்து அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.