தோட்ட டிராக்டரின் எலக்ட்ரிக் கிளட்ச்: கேள்வியும் பதிலும்

இன்ஜினின் சுழற்சியைப் புல் வெட்டும் பிளேடுகளுக்குக் கொண்டுபோவது இந்தக் கிளட்ச்தான். சுவிட்சை இழுத்ததும் 12 வோல்ட் காயிலுக்கு (செம்புக் கம்பிச் சுருள்) போகும். இன்ஜினோடு சுற்றும் ரோட்டார் காந்தமாகி, புல்லியோடு இணைந்த ஆர்மேச்சர் தட்டை இழுத்து ஒட்டிக்கொள்ளும், புல்லி சுற்றும். மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் அந்தத் தட்டைப் பிரித்து பிரேக்கில் அழுத்தும். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 'கிளட்ச் மாற்றணுமா?' என்றுதான் முடிகின்றன. மாற்றுவதற்கு முன் இடைவெளியையும் வோல்ட்டேஜையும் அளந்துவிடுங்கள்.

கேள்வி: சார், காலையில் போட்டதும் நன்றாகப் பிடிக்கிறது. அரை மணி நேரம் வெட்டிவிட்டு நிறுத்தி, மறுபடி போட்டால் பிடிப்பதே இல்லை. ஆறினால் சரியாகிறது. காயில் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. தேய்மானத்தால் ரோட்டாருக்கும் ஆர்மேச்சருக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். செம்புக் கம்பி சூடேறினால் அதன் மின்தடை ஏறும்: 20 டிகிரியில் 3 ஓம் காட்டும் காயில் 100 டிகிரியில் 4 ஓமை நெருங்கும். 4 ஆம்பியருக்கு மேல் எடுத்த காயில் அப்போது 3 ஆம்பியர் சுமாருக்கு இறங்கிவிடும். ஒட்டியிருக்கும் தட்டைப் பிடித்து வைக்க அது போதும், தூரத்தில் இருக்கும் தட்டை இழுக்கப் போதாது. அதனால்தான் ஓடிக்கொண்டிருந்தபோது விடாத கிளட்ச், நிறுத்திப் போட்டதும் மறுக்கிறது. இடைவெளியைச் சரிசெய்யுங்கள், முக்கால்வாசி இதிலேயே தீரும்.

கேள்வி: அந்த இடைவெளியை எப்படி வைப்பது? எவ்வளவு?

சாவியை எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றுங்கள். கிளட்சின் ஓரத்தில் மூன்று சிறிய ஜன்னல்கள் தெரியும். அவற்றின் பக்கத்திலேயே சரிசெய்யும் நட்டு மூன்று இருக்கும். முதலில் ஜன்னலில் அடைந்திருக்கும் புல் தூளைக் காற்று ஊதி எடுங்கள், இல்லாவிட்டால் அளவு பொய்யாகும்.

ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) ஜன்னல் வழியாக ரோட்டார் முகத்துக்கும் ஆர்மேச்சர் முகத்துக்கும் நடுவே விடுங்கள். பிரேக் தட்டுப் பக்கம் நுழைத்துவிட்டு, 'இடைவெளி சரியாகத்தான் இருக்கிறது' என்று ஏமாறுபவர்கள் நிறைய. பல மாடல்களுக்கு 0.012 அங்குலம், அதாவது 0.3 மி.மீ. பொருந்தும். உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதுதான் கணக்கு. நட்டை இறுக்கினால் இடைவெளி குறையும். ஒரே நட்டை முழுதாக இறுக்காமல் கால் சுற்று, கால் சுற்றாக மூன்றையும் மாற்றி மாற்றித் திருப்புங்கள். கேஜின் தகடு லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். மூன்று ஜன்னலிலும் ஒரே அளவு வந்ததும் நாலைந்து முறை கிளட்சைப் போட்டு எடுத்து மறுபடி அளங்கள். தட்டு உட்கார்ந்ததும் அளவு கொஞ்சம் மாறும்.

'இன்னும் நெருக்கினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்' என்று நினைக்காதீர்கள். நெருக்கம் அதிகமானால் அணைத்த பிறகும் தட்டு உரசும், சூடேறும், பிளேடு மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நட்டு இல்லாத மாடலும் உண்டு. அவற்றில் சிலவற்றில் பிரேக் தட்டின் கீழ் ஒரு மெல்லிய ஷிம் (இடைவெளி வைக்கும் தகடு) இருக்கும். தேய்ந்த பிறகு அதை உருவி எடுத்தால் இன்னொரு ஆயுள் கிடைக்கும்.

கேள்வி: காயில் நல்லதா கெட்டதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா அண்ணா?

முடியும், ஒரு மல்டிமீட்டர் போதும். கனெக்டரைக் கழற்றி இரண்டு முனையிலும் ஓம் பாருங்கள். ஆறிய காயில் சாதாரணமாக 2.5-லிருந்து 3.5 வரை காட்டும். முடிவிலி காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. 2-க்குக் கீழே போனால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகிவிட்டன, அப்போது ஃபியூஸ் அடிக்கடி போகும். பிறகு ஒரு முனையையும் கிளட்ச் உடம்பையும் தொட்டுப் பாருங்கள். இரண்டு வயர் உள்ள காயிலில் தொடர்பே இருக்கக் கூடாது.

ஃபியூஸ் போகும்போது பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க வேண்டாம். வயர்தான் எரியும். காயில் நல்லதாக இருந்தால் வயர் எங்கே உரசுகிறது என்று தேடுங்கள். கிளட்சுக்கு அருகே, பெல்ட் ஓரமாகப் போகும் இடத்தில்தான் பெரும்பாலும் தோல் உரிந்திருக்கும்.

கேள்வி: பேட்டரி 12.6 காட்டுகிறது, கனெக்டரிலும் 12 வருகிறது. ஆனாலும் அடர்ந்த புல்லில் கிளட்ச் வழுக்குகிறது.

கனெக்டரைக் கழற்றி அளந்தீர்களா? அப்படி அளந்தால் துருப்பிடித்த தொடர்பு வழியாகவும் முழு 12 காட்டும். கிளட்ச் மாட்டியபடியே, சுவிட்ச் போட்ட நிலையில், கனெக்டரின் பின்பக்கமாக மீட்டர் முனையை நுழைத்துப் பாருங்கள். பேட்டரியை விட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ தின்கிறது: சுவிட்ச், சீட் சுவிட்ச் (சீட்டில் ஆள் இருப்பதை அறியும் சுவிட்ச்), ரிலே, எர்த் போல்ட். இழுவிசை மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போவது. 12-க்குப் பதில் 10 வோல்ட் வந்தால் விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட் போகத் தேய்த்து, மறுபடி இறுக்குங்கள்.

வோல்ட்டேஜ் சரியாக இருந்தும் வழுக்கினால் முகத்தில் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். மேலே கிராங்க் ஷாஃப்ட் சீல் ஒழுகினால் அதை மாற்றாமல் கிளட்சைத் துடைத்துப் பயனில்லை.

கேள்வி: கிளட்சிலிருந்து கீச்சென்று சத்தம். பேரிங்கா?

சுவிட்சைப் போட்டு எடுத்துக் காதால் கேளுங்கள். போட்டதும் சத்தம் நின்றால் புல்லி பேரிங். அணைந்திருக்கும்போது புல்லி நிற்க, உள்வளையம் சுற்றுகிறது. போட்டதும் இரண்டும் சேர்ந்து சுற்றுவதால் பேரிங்குக்கு வேலையில்லை. போட்டாலும் எடுத்தாலும் சத்தம் ஒன்றுபோல இருந்தால் காயிலைத் தாங்கும் பேரிங், அல்லது கிளட்சுக்கு வெளியே ஏதோ ஒன்று.

கேள்வி: கழற்றவே வரவில்லை, ஷாஃப்டில் இறுகிவிட்டது.

நடு போல்ட்டை எடுத்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெயை ஷாஃப்ட் ஓரத்தில் விட்டு ஓர் இரவு வையுங்கள். புல்லி விளிம்பில் கடப்பாரை வைத்து நெம்பாதீர்கள், தட்டு வளைந்தால் பிறகு எந்த இடைவெளியும் ஒத்துவராது. சுத்தியலும் வேண்டாம், அடி நேராக இன்ஜின் பேரிங்குக்குப் போகும். திரும்ப மாட்டும்போது ஷாஃப்டில் மட்டும் ஆன்ட்டி-சீஸ் (இறுகாமல் தடுக்கும் பசை) மெல்லியதாகப் பூசுங்கள், உராயும் முகத்தில் ஒரு துளிகூடப் படக் கூடாது. 7/16 அங்குல போல்ட்டுக்கு வழக்கமான இறுக்கம் 50–55 அடி-பவுண்டு. காயில் சுற்றாமல் தடுக்கும் நாக்கு அதன் பள்ளத்தில் கொஞ்சம் ஆட்டத்தோடு உட்கார வேண்டும். அதை விறைப்பாகக் கட்டினால் காயில் பேரிங் சீக்கிரம் போகும். மாட்டாமல் விட்டால் கிளட்ச் ஒரு சுற்றுச் சுற்றி வயரைப் பிய்த்துவிடும்.

கேள்வி: புதுக் கிளட்ச் போட்டேன். உடனே வெட்டலாமா?

வேண்டாம். இரண்டு முகமும் ஒன்றோடொன்று பழக வேண்டும். இன்ஜினைப் பாதி வேகத்தில் வைத்து, 10 விநாடி போட்டு 10 விநாடி எடுத்து, ஐந்து முறை. பிறகு முக்கால் வேகத்தில் அதேபோல ஐந்து முறை. இதைச் செய்யாமல் நேராகக் கனத்த புல்லில் இறக்கினால் முகம் வழுக்கி, சூட்டில் நீலம் பாய்ந்துவிடும். அன்றாடமும் பாதி வேகத்துக்கு மேல் வந்ததும் கிளட்சைப் போடுங்கள், அதுவும் புல்லுக்குள் நுழையும் முன்பே.

கேள்வி: சுவிட்ச் அடிக்கடி கருகுகிறது.

காயில் அணையும்போது எழும் உயர் வோல்ட்டேஜ் பொறிதான் காரணம். காயிலின் இரண்டு வயருக்கும் குறுக்கே ஒரு 1என்5408 டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) போடுங்கள், கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம். திருப்பிப் போட்டால் ஃபியூஸ் போகும்.

கேள்வி: அணைத்த பிறகும் பிளேடு நிற்க 10 விநாடி ஆகிறது. பரவாயில்லையா?

இல்லை. 5 விநாடிக்குள் நிற்க வேண்டும். பிரேக் தட்டு தேய்ந்திருக்கலாம், அல்லது இடைவெளி மிக நெருக்கமாக இருந்து தட்டு பிரேக்கில் முழுதாக அழுந்தாமல் இருக்கலாம். சரியாகும்வரை வெட்ட வேண்டாம். இதோடு சேர்த்து, சீட்டிலிருந்து எழுந்தால் இன்ஜின் நிற்கிறதா என்றும் பாருங்கள். அந்த சீட் சுவிட்ச் வேலை செய்யாதபடி யாராவது வயர் போட்டு இணைத்து வைத்திருந்தால் அந்த வயரை இன்றே பிரித்துவிடுங்கள்.