செம்புக் கம்பியில் உண்மையில் எவ்வளவு வேகம் வரும்? குறைந்த கட்டண டி.எஸ்.எல். இணைப்பு பற்றிய கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபைபர் இன்னும் எட்டாத தெருக்களிலும் சிற்றூர்களிலும், பழைய தொலைபேசிக் கம்பி வழியே வரும் டி.எஸ்.எல். இணைப்பையே நம்பியிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. தொலைபேசிக் கம்பிப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

நல்லம்பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர்: ஐயா, இணைப்புக் கொடுக்கும்போது பத்து எம்.பி.பி.எஸ். (நொடிக்குப் பத்து மெகாபிட்) வரை வரும் என்றார்கள். எந்த நேரத்தில் சோதித்தாலும் நான்கைத் தாண்டுவதில்லை. இது ஏமாற்று வேலை இல்லையா?

பெரும்பாலும் இது தூரத்தின் விளைவு. ஆனால் அந்தத் தூரத்தை அளந்து முன்கூட்டியே உங்களிடம் சொல்லாதது நிறுவனத்தின் குறைதான். நம் வீடுகளுக்கு வரும் ஏ.டி.எஸ்.எல்.2+ என்ற டி.எஸ்.எல். முறையின் உச்ச வேகம் 24 எம்.பி.பி.எஸ். அது தொலைபேசி எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், நல்ல கம்பியில் இருப்பவருக்கு மட்டுமே கிட்டத்தட்டக் கிடைக்கும். அந்தக் கம்பியில் தொலைபேசிக் குரல் நான்கு கிலோஹெர்ட்சுக்குள் அடங்கிவிடுகிறது. இணையமோ அதற்கு மேலே 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளை, ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிறு சிறு தடங்களாகப் பிரித்துப் பயன்படுத்துகிறது. அலைவரிசை உயர உயரச் செம்பில் அது தேய்ந்து போகும் அளவும் கூடுவதால், கம்பி நீள நீள மேல்தடங்கள் ஒவ்வொன்றாக அணைந்துவிடுகின்றன. மூன்று கிலோமீட்டரில் சுமார் எட்டு எம்.பி.பி.எஸ்., நான்கில் நான்கு முதல் ஐந்து, ஐந்தில் இரண்டு அல்லது மூன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இது 0.5 மில்லிமீட்டர் கம்பிக்கான கணக்கு, 0.4 மில்லிமீட்டர் கம்பியாக இருந்தால் இன்னும் குறையும்.

தூரம் என்று நான் சொல்வது கம்பி செல்லும் தூரத்தை. உங்கள் மாடியிலிருந்து எக்ஸ்சேஞ்ச் கோபுரம் தெரிந்தாலும், கேபிள் நெடுஞ்சாலையைச் சுற்றி, பில்லர் என்ற தெருவோரக் கேபிள் பெட்டி வழியாக, வீடுகளுக்குக் கம்பி பிரியும் டி.பி. பெட்டிக்கு வந்து சேர்வதற்குள் அது இரு மடங்காகியிருக்கலாம். அதை அறிய ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. மோடத்தின் அமைப்புப் பக்கத்தை (பெரும்பாலும் 192.168.1.1) உலாவியில் திறந்தால், டி.எஸ்.எல். நிலைப் பக்கத்தில் 'லைன் அட்டென்யுவேஷன்' (கம்பியில் அலை தேயும் அளவு) என்ற எண் டெசிபலில் இருக்கும். கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் என்று வகுத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது 55 அருகில் இருந்தால் நான்கு எம்.பி.பி.எஸ். தான் அந்தக் கம்பியின் இயல்பு; மேல் திட்டத்துக்கு மாறிப் பணத்தை வீணாக்காதீர்கள். 25 என்று காட்டியும் நான்குதான் வருகிறது என்றால், கம்பியில் பழுது இருக்கிறது அல்லது உங்கள் இணைப்புக்கு எக்ஸ்சேஞ்சில் வைத்திருக்கும் வேக வரம்பு தவறாக இருக்கிறது. அப்போது அந்த எண்ணை எழுதி, படமும் எடுத்துப் புகார் கொடுங்கள். 'நெட் ஸ்லோ' என்று மட்டும் கொடுக்கும் புகாரை விட இது விரைவாக நகரும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: மோடம் எட்டு எம்.பி.பி.எஸ். என்கிறது, கோப்பு இறங்கும்போது 0.8 என்றுதான் காட்டுகிறது.

இரண்டும் சரிதான், தம்பி. மோடம் பிட்டிலும் உலாவி பைட்டிலும் சொல்கின்றன. எட்டு பிட் ஒரு பைட். அதோடு, ஏ.டி.எஸ்.எல்.லில் தரவு 53 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. அதில் 48 பைட் மட்டுமே சரக்கு. மற்ற மேலுறைகளையும் கழித்தால், மோடம் காட்டும் வேகத்தில் ஏழில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும். உங்கள் இணைப்பில் குறையில்லை.

இராயக்கோட்டை அருகிலிருந்து, பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவர்: ஆறு எம்.பி.பி.எஸ். வருகிறது, படம் பார்க்கத் தடையில்லை. ஆனால் அலுவலகக் கூட்டங்களில் என் குரல் வெட்டுப்படுகிறது என்கிறார்கள். எதிரில் இருப்பவர்கள் பேசுவதோ எனக்குத் தெளிவாகக் கேட்கிறது.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: இறங்கும் வழி நன்றாக இருக்கிறது, ஏறும் வழி நிரம்பி வழிகிறது. ஏ.டி.எஸ்.எல். என்பது வீட்டுக்கு அதிகமாகவும், வீட்டிலிருந்து குறைவாகவும் செல்லும்படியே வகுக்கப்பட்டது. எவ்வளவு நல்ல கம்பியாக இருந்தாலும் ஏற்ற வேகம் ஏறத்தாழ ஒரு எம்.பி.பி.எஸ். தான். இருவர் மட்டும் பேசும் ஜூம் அழைப்புக்கே ஏற்றத்தில் 600 கிலோபிட் தேவை என்று அந்நிறுவனம் சொல்கிறது. 720பி தரத்தில் உங்கள் முகம் தெரிய வேண்டுமென்றால் 1.2 எம்.பி.பி.எஸ். வேண்டும், அது இந்தக் கம்பியில் இல்லவே இல்லை. ஆகவே கூட்டத்தில் எச்.டி. படத்தை அணைத்துவிடுங்கள், தேவையில்லாதபோது கேமராவையே அணைத்துவிடுங்கள். குரலுக்கு மட்டும் நூறு கிலோபிட் கூட வேண்டியிருக்காது.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருக்கும். யாருடைய கைபேசியாவது வை-ஃபையில் சேர்ந்தவுடன், நேற்றைய திருமணப் புகைப்படங்களையும் காணொளிகளையும் தானாகவே மேகச் சேமிப்புக்கு ஏற்றத் தொடங்கும். நூறு மெகாபைட் காணொளி ஒன்று இந்தக் கம்பியில் ஏறக் குறைந்தது கால் மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் உங்கள் குரல் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். இறக்கமும்கூட மந்தமாகிவிடும், ஏனென்றால் வந்த தரவு வந்து சேர்ந்தது என்ற ஒப்புதலும் அதே குறுகிய ஏற்ற வழியில்தான் போக வேண்டும். எல்லாக் கைபேசிகளிலும் தானியங்கிச் சேமிப்பை இரவுக்கு மாற்றிவையுங்கள். மோடத்தில் ஏற்ற வேகத்துக்கு வரம்பு வைக்கும் வசதி இருந்தால், உண்மையில் கிடைப்பதில் 85 சதவீதம் அளவுக்கு வையுங்கள். பெரிய கோப்புகளை நாள்தோறும் ஏற்றியே ஆக வேண்டிய வேலை என்றால், எந்த விலையிலும் டி.எஸ்.எல். உங்களுக்குப் பொருந்தாது.

பென்னாகரத்திலிருந்து இருவர், பாலக்கோட்டிலிருந்து ஒருவர்: மழை பெய்தால் இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது. லைன்மேன் வந்து பார்க்கும்போது சரியாக இருக்கிறது, அவர் போனபின் பழைய கதைதான்.

லைன்மேன் வெயில் நாளில் வருகிறார், பழுது ஈரத்தில் வருகிறது, அதுதான் சிக்கல். நிலத்தடிக் கேபிளின் ஜாயிண்டிலோ டி.பி. பெட்டியிலோ தண்ணீர் புகும்போது, இரு கம்பிகளுக்கும் மண்ணுக்கும் இடையிலான காப்பு குறைந்து இரைச்சல் ஏறுகிறது. கைபேசியில் அல்ல, அந்தக் கம்பியில் இணைந்த தொலைபேசியில் ஏதாவது ஓர் எண்ணை அழுத்தி டயல் டோனை நிறுத்திவிட்டுக் காது வைத்துக் கேளுங்கள். கரகரப்பு கேட்டால் பழுது கம்பியில் இருக்கிறது. மோடத்தை மாற்றிப் பயனில்லை.

மோடம் பக்கத்தில் 'எஸ்.என்.ஆர். மார்ஜின்' (இரைச்சலைத் தாங்க இணைப்புக்கு மிச்சமிருக்கும் இடைவெளி) என்ற எண்ணைக் காய்ந்த நாளில் ஒரு முறையும் மழை நாளில் ஒரு முறையும் குறித்துவையுங்கள். ஆறு டெசிபலுக்குக் குறையாமல் இருந்தால் இணைப்பு நிலைக்கும். மழையில் அது இரண்டு, மூன்றுக்கு இறங்குகிறது என்றால் அறுந்து அறுந்து வருவதில் வியப்பில்லை. இந்த இரு எண்களையும் நேரத்தோடு சேர்த்துக் கொடுத்தால், வெயில் நாளில் வரும் லைன்மேனும் ஜாயிண்டைத் தேடிப் போவார். பழுது நீங்கும் வரை, எக்ஸ்சேஞ்சில் உங்கள் இணைப்பின் இலக்கு மார்ஜினை ஒன்பது அல்லது பன்னிரண்டாக உயர்த்தச் சொல்லுங்கள். வேகம் சற்றுக் குறையும், ஆனால் அறுபடாது. ஐந்து எம்.பி.பி.எஸ். வந்து வந்து போவதை விட மூன்று எம்.பி.பி.எஸ். நிற்பது மேல் என்பது என் கருத்து.

பாலக்கோட்டு அன்பர் எழுதியதில் ஒரு விந்தை இருக்கிறது: அவர் வீட்டில் தொலைபேசி முற்றிலும் செத்திருக்கிறதாம், இணையம் மட்டும் ஆமை வேகத்தில் வருகிறதாம். இரண்டு கம்பிகளில் ஒன்று எங்கோ அறுந்துவிட்டது என்பதன் அடையாளம் அது. குரலுக்கு முழுச் சுற்று வேண்டும். உயர் அலைவரிசையோ அறுந்த இடத்தையும் ஓரளவு தாண்டிவிடும். இணையம் வருகிறதே என்று விட்டுவிடாமல், தொலைபேசி செத்தது என்றே புகார் கொடுங்கள். அது நேரடியான பழுது, தட்டிக்கழிக்க முடியாது.

கோடை மழை இடியோடு வரும் மாவட்டங்கள் நம்முடையவை. வானம் முழங்கத் தொடங்கியதும் மின்செருகியை மட்டுமல்லாமல் தொலைபேசிக் கம்பியையும் மோடத்திலிருந்து கழற்றுங்கள். மோடம் கருகுவது பெரும்பாலும் கம்பி வழியே வரும் இடியால்தான்.

அரூரிலிருந்து ஒரு கடைக்காரர்: விலை உயர்ந்த மோடம் வாங்கினால் வேகம் கூடுமா? கடையில் வி.டி.எஸ்.எல். மோடம் வாங்கச் சொல்கிறார்கள்.

வேண்டாம். வி.டி.எஸ்.எல். என்பது குறுகிய தூரத்தில் அதிக வேகம் தரும் டி.எஸ்.எல். முறை; எக்ஸ்சேஞ்சிலும் அதற்கான கருவி இருந்தால்தான் வேலை செய்யும். இருந்தாலும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் அதனால் ஆதாயமில்லை. முதலில் வீட்டுக்குள் இருக்கும் கம்பியைப் பாருங்கள். மாடிக்கு ஒன்று, கல்லாவுக்கு ஒன்று என்று இழுத்த பழைய கிளைக் கம்பிகள், எதிலும் தொலைபேசி இல்லாவிட்டாலும், அலையைத் திருப்பியடித்து வேகத்தைத் தின்கின்றன. அவற்றை எல்லாம் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து கம்பி நுழையும் முதல் பெட்டியிலேயே மோடத்தை நேராக மாட்டிச் சோதித்துப் பாருங்கள். அங்கே வேகம் கூடினால் செலவு குரலையும் இணையத்தையும் பிரிக்கும் ஒரு ஃபில்டரோடும் சில மீட்டர் புதுக் கம்பியோடும் முடிந்துவிடும்.

ஊத்தங்கரையிலிருந்து ஓர் இல்லத்தரசி: மாதம் எவ்வளவு கொடுத்தால் நியாயம்? கைபேசியிலேயே நாளுக்கு இரண்டு ஜி.பி. கிடைக்கும்போது இது தேவையா?

அம்மா, விளம்பரத்தில் உள்ள தொகையோடு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும் என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள்; 400 ரூபாய் என்றால் கையிலிருந்து போவது 472. மோடம் வாடகை இருந்தால் அதையும் ஆண்டுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள், மோடத்தின் விலையையே அது தாண்டிவிடலாம். அடுத்து, திட்டத்தின் தரவு வரம்பு தீர்ந்த பின் வேகம் என்ன ஆகும் என்று கேளுங்கள். இந்தியாவில் பிராட்பேண்ட் என்று அழைக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 2004 கொள்கையில் 256 கிலோபிட்டாக இருந்தது; 2013 இல் 512 ஆகவும், 2023 இல் இரண்டு எம்.பி.பி.எஸ். ஆகவும் உயர்த்தப்பட்டது. வரம்புக்குப் பின்னும் இரண்டுக்குக் கீழே போகாத திட்டமாகப் பாருங்கள்.

கைபேசியோடு ஒப்பிடும்போது வேகத்தை அல்ல, அளவைப் பார்க்க வேண்டும். வெறும் நான்கு எம்.பி.பி.எஸ். கம்பி இரவு எட்டு மணி நேரம் ஓடினாலே பதினான்கு ஜி.பி.க்கு மேல் இறங்கிவிடும். பிள்ளைகளின் பாடக் காணொளிகளும் தொலைக்காட்சியும் சேர்ந்து ஓடும் நான்கு பேர் வீட்டில், நான்கு கைபேசிகளுக்கும் பெரிய திட்டம் போடுவதை விட ஒரு கம்பி மலிவாக முடியும். சாதாரணத் தரத்தில் ஒரு படத்துக்கு ஒன்றரை எம்.பி.பி.எஸ்., 720பி தரத்துக்கு மூன்று, 1080பி தரத்துக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் எத்தனை திரைகள் ஓடும் என்று நீங்களே கூட்டிப் பார்க்கலாம். வீட்டில் இருவர் மட்டும், பகலெல்லாம் வெளியே என்றால் கைபேசியே போதும்.

பர்கூரிலிருந்து: இரவு ஏழு மணிக்கு மேல் மட்டும் வேகம் பாதியாகிறது.

அந்த நேரத்தில் மோடம் பக்கத்தைப் பாருங்கள். மோடம் காட்டும் இணைப்பு வேகம் பகலில் இருந்த அளவே இருந்து, சோதனையில் மட்டும் குறைந்தால், நெரிசல் எக்ஸ்சேஞ்சுக்கு அப்பால் இருக்கிறது. உங்கள் கம்பியைத் தோண்டிப் பயனில்லை. சோதனையை வை-ஃபையில் செய்யாமல், லேன் கம்பியில் கணினியை இணைத்துச் செய்யுங்கள்.

அஞ்செட்டியிலிருந்து: எங்கள் பக்கம் ஃபைபர் இல்லை. மலை மறைப்பதால் 4ஜி ஒரு மூலையில் வருகிறது, மறுமூலையில் இல்லை. டி.எஸ்.எல். இரண்டு எம்.பி.பி.எஸ். தான் என்கிறார்கள்.

இரண்டையும் வைத்துக்கொள்ள வசதி இல்லையென்றால், எதற்காக என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். இணையவழி வகுப்பு, வங்கி வேலை, அரசு இணையதளங்களில் விண்ணப்பம் ஆகியவற்றுக்கு அறுபடாத இரண்டு எம்.பி.பி.எஸ். தாராளம். படம் பார்ப்பதும் பெரிய கோப்பு இறக்குவதும் முதன்மை என்றால், கோபுரம் தெரியும் பக்கத்து மொட்டைமாடியில் சிம் போடும் ரவுட்டரை வைத்து, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் மாலை நேரத்திலேயே ஒரு வாரம் சோதித்த பின் வாங்குங்கள்.

கிருஷ்ணகிரி நகரிலிருந்து: எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது, கட்டணமும் ஏறத்தாழ அதேதான். ஆனால் அப்பா பழைய லேண்ட்லைனை விட மறுக்கிறார்.

ஃபைபரில் ஒளி கிலோமீட்டருக்கு அரை டெசிபல் கூடத் தேய்வதில்லை. எக்ஸ்சேஞ்சுக்கு அடுத்த வீட்டுக்கும் ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்கும் வேகத்தில் வேறுபாடில்லை. ஏற்ற வேகமும் பல மடங்கு. அதே கட்டணத்தில் கிடைக்கும்போது இணையத்துக்காகச் செம்பில் தொடர்வதற்கு எந்தக் காரணமும் இல்லை. உங்கள் அப்பாவின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது: செம்புக் கம்பித் தொலைபேசிக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வருவதால், வீட்டில் மின்வெட்டு என்றாலும் அது ஒலிக்கும், ஃபைபர் கருவிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். அதை இன்வெர்ட்டர் இணைப்பில் மாட்டிவிடுங்கள், பழைய எண்ணையே ஃபைபருக்கு மாற்றித் தர முடியுமா என்று விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். புது இணைப்பு ஒரு மாதம் ஒழுங்காக ஓடிய பிறகே பழையதை ஒப்படையுங்கள். ஒப்படைக்கும்போது மோடத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கும் வைப்புத் தொகைக்கும் இரசீது வாங்க மறக்காதீர்கள்.