லாக்டிக் அமிலம் முதல் கார்டிசால் வரை: மசாஜ் தெரபிஸ்ட்டுகளின் ஆராய்ச்சிக் கேள்விகள்

கேள்வி: கபடி அணிக்கு மசாஜ் செய்கிறேன். தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை மசாஜ் வெளியேற்றுகிறது என்று கோச் சொல்கிறார். சரியா?

பதில்: இல்லை. ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் (உடலில் லாக்டிக் அமிலம் இருக்கும் வடிவம்) தானாகவே இறங்கிவிடும். மறுநாள் வரும் வலிக்கும் அது காரணமல்ல. 2010-இல் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் 12 பேரின் முன்கையை வைத்துச் சோதித்தார்கள். மசாஜ் கை அழுத்தும்போது ரத்த ஓட்டம் தடைபட்டு, லாக்டேட் வெளியேறுவது தாமதமானதுதான் மிச்சம். ஆனால் மறுநாள் வலி மசாஜால் ஓரளவு குறைவதாக வேறு ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் வேலையை விடாதீர்கள், அமிலக் கதையை மட்டும் விடுங்கள்.

கேள்வி: ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்தால் போதுமா?

பதில்: எதைப் படிப்பது என்று தேர்ந்தெடுக்கப் போதும், நம்புவதற்குப் போதாது. முதலில் யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்று தேடுங்கள். மசாஜ் பெற்றவர்களைச் சும்மா காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டால் மசாஜ் ஜெயிக்காமல் என்ன செய்யும்? ஒரு மணி நேரம் ஒருவர் அக்கறையாகக் கவனித்ததே பாதி சுகம்.

அமெரிக்காவில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 401 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சாதாரண ரிலாக்சேஷன் மசாஜ், இன்னொன்றுக்கு வலியுள்ள திசுக்களைக் குறிவைத்த மசாஜ், மூன்றாவதுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். 10 வாரம் கழித்து இரண்டு மசாஜும் வழக்கமான மருத்துவத்தை முந்தின. ஆனால் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை! 'என் டெக்னிக்தான் உசத்தி' என்று வாட்ஸ்அப்பில் சண்டை போடும் நம் ஆட்கள் அவசியம் படிக்க வேண்டும்.

கேள்வி: 'மசாஜ் கார்டிசாலை 31% குறைக்கும்' என்று போர்டில் எழுதலாமா?

பதில்: வேண்டாம். அந்த எண் 2005-இல் வந்த ஒரு கட்டுரையிலிருந்து வருகிறது. மசாஜுக்கு முன், பின் எடுத்த அளவுகளின் வித்தியாசம் அது. கார்டிசால் என்பது மன அழுத்த ஹார்மோன்; அது காலையில் உச்சத்தில் இருக்கும், அப்புறம் பகல் முழுக்கத் தானே இறங்கும். மசாஜ் பெறாதவர்களோடு ஒப்பிட்டு 2011-இல் கணக்கிட்டபோது குறைவு கிட்டத்தட்டப் பூஜ்ஜியம்.

கேள்வி: இடுப்பு வலிக்கு மசாஜ் தருவது பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 'தரம் குறைந்த சான்று' என்கிறதே, பலனே இல்லையா?

பதில்: அப்படி அர்த்தமில்லை. 2015 தொகுப்பில் 25 ஆய்வுகள், 3,096 பேர். குறுகிய காலத்துக்கு வலி குறைந்தது. ஆனால் அந்த முடிவை அடித்துச் சொல்ல முடியாது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மறைத்தால்தான் எதிர்பார்ப்பு முடிவைப் பாதிக்காது; தான் மசாஜ் செய்வது தெரபிஸ்ட்டுக்குத் தெரியாமல் மறைக்க முடியுமா என்ன? வாடிக்கையாளரிடம் 'சில வாரங்களுக்கு வலி குறைய வாய்ப்பிருக்கிறது, குறையவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்' என்று சொல்லுங்கள்.