ருத்தேனியம் என்ற உலோகத்தின் சேர்மத்துக்கு எடுத்த அகச்சிவப்பு நிறமாலையில் (எந்த அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் வரைபடம்) 2100 செ.மீ⁻¹-இல் வரும் உச்சி நைட்ரஜனுடையதாக இருக்க முடியுமா? நைட்ரஜன்தான் அகச்சிவப்பில் தெரியாதே?

முடியும். இருமுனைத் திருப்புத்திறன் (இரு முனைகளுக்கிடையே மின்னூட்ட வேறுபாடு) இல்லாததால் அகச்சிவப்பில் தெரியாது என்று நீங்கள் சொல்லும் விதி தனி நைட்ரஜன் மூலக்கூறுக்குத்தான். ருத்தேனியத்தோடு ஒரு முனையால் ஒட்டியதும் இரண்டு அணுவும் சமமில்லை, அதிர்வு தெரிந்துவிடும்.

தனி நைட்ரஜனின் 2331 ஏன் இங்கே 2100-க்கு இறங்கியது? நைட்ரஜன் எலக்ட்ரான் கொடுப்பதில் படு கஞ்சம். உலோகம்தான் தன் டி எலக்ட்ரான்களை அதன் எதிர்பிணைப்பு பை ஆர்பிட்டாலுக்குள் (எலக்ட்ரான் நுழைந்தால் பிணைப்பைத் தளர்த்தும் இடம்) திருப்பித் தள்ளுகிறது. பிணைப்பும் நிலைக்கிறது, நைட்ரஜனின் மும்மைப் பிணைப்பும் கொஞ்சம் தளர்கிறது; தளர்ந்த பிணைப்பு மெதுவாக அதிர்வதால் எண் இறங்குகிறது. (நம்ம சேலம் ஐந்து ரோட்டில் டயருக்கு அடிக்கிற அதே வாயுதான்! 1965-இல் வேதியியலாளர்கள் ஆலனும் செனாஃபும் ருத்தேனியத்தில் பிடித்துக் காட்டும்வரை, உலோகத்தோடு நைட்ரஜன் மூலக்கூறு ஒட்டிய இப்படி ஒரு அணைவுச் சேர்மம் கிடைத்ததில்லை.)

சந்தேகம் தீர நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் சற்றுக் கனமான ஐசோடோப்பு; கனம் கூடினால் அதிர்வு மெதுவாகும்) வைத்து ஒருமுறை தயாரியுங்கள். உச்சி 2030 பக்கம் நகர்ந்தால் நைட்ரஜனேதான். விலை கையைக் கடிக்கும், சேலத்தில் உடனே கிடைக்கிற சரக்கும் இல்லை. வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

நகரவில்லையா? கார்பன் மோனாக்சைடும் உலோக ஹைட்ரைடும் இதே பகுதியில்தான் வரும். இன்னொன்று: நைட்ரஜன் இரண்டு ருத்தேனியத்துக்கு நடுவே சமச்சீராகப் பாலம் போட்டிருந்தால் அகச்சிவப்பில் மறுபடி காணாமல் போகும். அப்போது ராமன் நிறமாலைதான் (சிதறும் ஒளியில் அதிர்வைப் பார்க்கும் முறை) வழி.