பேர் ஒன்றுதான், வாட் வேறு: லேப்டாப் கேள்வி-பதில்

இந்த மாதம் தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் லேப்டாப் பற்றியவைதான். காலேஜ் திறக்கப்போகிறது, வேறென்ன வரும்? பிளாக் ஃப்ரைடே தள்ளுபடியில் வாங்கியவர்களின் புலம்பலும் சேர்ந்துகொண்டது. ஒரே மாதிரியான கடிதங்களை ஒன்றாக்கிச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மகன் பிப்ரவரியில் டர்பன் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜியில் சேருகிறான். தினமும் மினிபஸ் டாக்சியில் போய் வர வேண்டும் என்பதால் கனமில்லாத லேப்டாப் தேடுகிறோம். அவனுக்கோ கேம் ஓடியே ஆக வேண்டும். கடையில் மெல்லிசாக ஒன்றைக் காட்டி, "ஆர்டிஎக்ஸ் 4050 இருக்கு, எல்லா கேமும் ஓடும்" என்கிறார்கள். நம்பலாமா அண்ணா?
(ஓர் அம்மா, சாட்ஸ்வொர்த்)

பதில்: பாதி நம்பலாம் அம்மா. கேம் படங்களை வரையும் அந்த கிராஃபிக்ஸ் சிப் உள்ளே இருப்பது உண்மை. கேம் ஓடும் என்பதும் உண்மை. எப்படி ஓடும் என்பதைத்தான் கடைக்காரர் விட்டுவிட்டார்.

ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் வரும் லேப்டாப் சிப்பை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். எத்தனை வாட் என்பதை லேப்டாப் கம்பெனிதான் முடிவு செய்கிறது. தடித்த கேமிங் லேப்டாப்பில் பெரிய ஃபேன்கள், செம்புக் குழாய்கள், சூடான காற்று வெளியேறப் பின்பக்கம் அகலமான வாய் எல்லாம் இருக்கும். அதனால் வாட்டைத் தாராளமாகக் கொடுப்பார்கள். ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்குள் இதற்கெல்லாம் இடம் ஏது? வாட்டைக் குறைத்துவிடுவார்கள், கேமின் வேகமும் குறையும். ஸ்டிக்கர் மட்டும் இரண்டிலும் அதேதான். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், க்வாட்டர் பன்னியும் பன்னி சௌதான், ஃபுல் பன்னியும் பன்னி சௌதான். வயிறு நிறைவது வேறு. (தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவதைத்தான் டர்பனில் அப்படிச் சொல்கிறோம்.)

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி, "இந்த கிராஃபிக்ஸுக்கு எத்தனை வாட்?" என்பதே. விற்பவருக்குத் தெரியாவிட்டால், அங்கேயே போனில் கம்பெனி இணையதளத்தைத் திறந்து அந்த மாடலின் விவரப் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் போட்டிருப்பார்கள். ப்ராசசரிலும் இதே கதைதான். இன்டெல் 12, 13-ஆம் தலைமுறையில் பெயர் 'யூ' என்ற எழுத்தில் முடிந்தால் பெரும்பாலும் அடிப்படை 15 வாட், 'ஹெச்' என்று முடிந்தால் 45 வாட். இரண்டின் மேலும் 'ஐ7' என்றே எழுதியிருக்கும்.

சரி, எதை வாங்குவது? முதலில் மகனை உட்கார வைத்து, என்னென்ன கேம் என்று பேர் பேராகக் கேளுங்கள். மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ், கவுன்ட்டர்-ஸ்டிரைக், கால்பந்து என்றால் தனி கிராஃபிக்ஸ் சிப்பே தேவையில்லை. ரேடியான் 780எம் மாதிரி, ப்ராசசரோடு சேர்ந்தே வரும் கிராஃபிக்ஸ் போதும். படத் தரத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நன்றாகவே ஆடலாம். மிச்சமாகும் பணத்தை ராம் மெமரியில் போடுங்கள். இந்த வகை கிராஃபிக்ஸ் தனக்கென்று மெமரி இல்லாமல் ராமிலிருந்து கடன் வாங்கித்தான் வேலை செய்யும். 8 ஜிபி வாங்கினால் கேமுக்கும் விண்டோஸுக்கும் இழுபறிதான். 16 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்றால் நடக்காது.

புதிதாக வரும் பெரிய கேம்கள்தான் வேண்டும் என்று அவன் நின்றால், தடித்த மாடலைத்தான் வாங்க வேண்டும். அது இரண்டு கிலோவைத் தாண்டும், செங்கல் மாதிரி சார்ஜர் தனி. தினமும் தூக்கிப் பார்க்கட்டும். என் வீட்டுப் பிள்ளை என்றால் மெல்லிய, சாதாரண லேப்டாப் ஒன்றை வாங்கிக் கொடுத்து, கேமுக்கு வீட்டில் பழைய கன்சோல் ஒன்றை வைத்துவிடுவேன். இரண்டையும் பாதி பாதி செய்யும் மெல்லிய கேமிங் லேப்டாப்புக்கு நம் ஊரில் கேட்கும் விலை எனக்கு ஒப்பவில்லை.

டாக்சியில் கொண்டு போவதால் இன்னொன்று. உங்கள் வீட்டு இன்ஷூரன்ஸில் 'ஆல் ரிஸ்க்ஸ்' பகுதியில் லேப்டாப்பின் சீரியல் நம்பரோடு எழுதச் சொல்லுங்கள். வீட்டுப் பொருள்களுக்கான சாதாரண பாலிசி பொதுவாக வாசலோடு நின்றுவிடும்.

கேள்வி: பிளாக் ஃப்ரைடேயில் வாங்கிய லேப்டாப். ஆறே வாரத்தில் திரை மினுங்க ஆரம்பித்துவிட்டது. கடையில், "கம்பெனிக்கு அனுப்புகிறோம், 21 நாள் ஆகும். ரீஃபண்ட் எங்கள் பாலிசியில் கிடையாது" என்கிறார்கள். காத்திருப்பதைத் தவிர வழியில்லையா?
(வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: இருக்கிறது. கடையின் பாலிசி சட்டத்துக்கு மேலே போக முடியாது.

2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆவது பிரிவைக் குறித்துக்கொள்ளுங்கள். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கடையின் செலவிலேயே திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, வேறு லேப்டாப்பா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடைக்காரர் இல்லை. தள்ளுபடி விலையில் வாங்கியிருந்தாலும் இதுதான். குறை உண்மையா என்று பார்க்க அவர்கள் லேப்டாப்பை வாங்கிச் சோதிக்கலாம், அது நியாயம். கீழே போட்டது, டீ கொட்டியது எல்லாம் இதில் சேராது.

நீங்களாகவே ரிப்பேருக்கு ஒப்புக்கொண்டால், மூன்று மாதத்துக்குள் அதே கோளாறு தீராவிட்டாலோ வேறு கோளாறு வந்தாலோ, அடுத்து மாற்றித் தர வேண்டும், இல்லை பணம் தர வேண்டும். மறுபடி ரிப்பேர் என்று இழுக்க முடியாது.

வாய்ப்பேச்சு வேண்டாம். திரை மினுங்குவதை போனில் வீடியோ எடுங்கள். பில் ஸ்லிப்பின் படத்தோடு மேனேஜருக்கு மின்னஞ்சல் போடுங்கள், 56-ஆவது பிரிவு என்று எழுதி, உங்களுக்கு எது வேண்டும் என்பதையும் ஒரே வரியில் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் கன்ஸ்யூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்பட் அலுவலகத்தில் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. அதற்கும் மேலே நேஷனல் கன்ஸ்யூமர் கமிஷன் இருக்கிறது. லேப்டாப்பை ஒப்படைக்கும் முன் ஃபைல்களை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லிப் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் ஒருமுறை பிரிண்டர் ஸ்லிப்பைக் காரின் டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். நான்கு மாதம் கழித்து எடுத்தால், டர்பன் வெயிலில் எழுத்தெல்லாம் மறைந்து வெள்ளைத் தாளாகிவிட்டது. கடையில் நான் நீட்டிய தாளை அந்தப் பெண் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கினேன். பழுது ஒன்றுமில்லை, கீபோர்டுதான் பிடிக்கவில்லை. திருப்பலாமா?
(டோங்காட்)

பதில்: வந்து சேர்ந்து ஏழு நாளுக்குள் என்றால் திருப்பலாம், காரணம் சொல்லவே வேண்டாம். 2002-ஆம் ஆண்டின் மின்னணு வணிகச் சட்டம், 44-ஆவது பிரிவு. திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது, பணம் 30 நாளுக்குள் வர வேண்டும். ஏலத்தில் எடுத்ததற்கும், உங்களுக்கென்றே தனியாகச் செய்து வாங்கியதற்கும் இது பொருந்தாது. கடைக்கே போய்த் தொட்டுப் பார்த்து வாங்கியவருக்கு, மனம் மாறியதற்காகத் திருப்பும் உரிமை சட்டத்தில் இல்லை. கடை இரங்கினால் உண்டு.

கேள்வி: வேலைக்காக சாண்ட்டன் வந்திருக்கிறேன். சென்னையில் வாங்கிய அலுமினிய லேப்டாப். சார்ஜ் ஏறும்போது மணிக்கட்டு பட்டால் சுருக்கென்று எறும்பு கடிப்பது போல இருக்கிறது. இங்கே கரண்ட் கூடுதலா?

பதில்: இல்லை. அங்கேயும் 230 வோல்ட், இங்கேயும் 230 வோல்ட். நீங்கள் இரண்டு பின் அடாப்டர் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதில் எர்த் கிடையாது. சார்ஜரில் இயல்பாகவே கசியும் துளி மின்சாரம் போக வழியில்லாமல் உலோக உடம்பில் நிற்கிறது, உங்கள் கை பட்டதும் கை வழியாக இறங்குகிறது. பொதுவாக ஆபத்தில்லை, எரிச்சல்தான். சார்ஜர் செங்கல்லில் வயர் செருகும் இடத்தில் உள்ளே மூன்று பின் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், இங்குள்ள மூன்று தடித்த உருண்டைப் பின் உள்ள வயரை மட்டும் வாங்கி மாட்டுங்கள். சார்ஜரை மாற்ற வேண்டியதில்லை. அதன் பிறகும் கடித்தால் சுவர் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு வருடம் முன்பு வாங்கிய மெல்லிய லேப்டாப். முதலில் நன்றாக ஆடிய கேம் இப்போது பத்து நிமிடத்தில் திக்கித் திக்கி ஓடுகிறது. ஃபேன் சத்தம் வேறு. வைரஸா?
(மெரிபேங்க்)

பதில்: பத்து நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் திக்கினால், நான் முதலில் சந்தேகப்படுவது சூட்டைத்தான். சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

என்னுடையதும் இப்படித்தான் ஆனது. வாரன்டி முடிந்திருந்ததால், துணிந்து சமையலறை மேசையில் கவிழ்த்துப் பின்மூடியின் திருகுகளைக் கழற்றினேன். ஃபேனுக்கும் செம்புத் தகடுக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று படிந்திருந்தது. விரலால் இழுத்தால் முழுசாக வந்தது. மோந்து பார்த்தேன், சாம்பிராணி வாசனை! சாமி அறைக்குப் பக்கத்து மேசையில்தான் அத்தனை நாளும் லேப்டாப் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் கற்பூரக் கரியும் தூசியைப் பிடித்து ஒட்ட வைத்திருக்கின்றன. எடுத்துப் போட்டு மூடியதும் ஃபேன் சத்தம் பாதியாகிவிட்டது. மனைவி இன்றுவரை பூஜையைக் குறை சொல்கிறேன் என்கிறாள்.

உங்களுடையதற்கு வாரன்டி இருந்தால் திறக்காதீர்கள், சர்வீஸில் கொடுங்கள். இல்லையென்றால், ஃபேன் சுற்றாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதி எடுக்கலாம். படுக்கை, சோபா மேல் வைத்து ஆடக் கூடாது, அடியில் காற்று உறிஞ்சும் துளைகள் அடைபடும். பின்பக்கம் இரண்டு விரல் உயரத்துக்கு ஏதாவது முட்டுக் கொடுத்தாலே வித்தியாசம் தெரியும். பிப்ரவரி மாதம் ஈரப்புழுக்கத்தில் வராந்தாவில் உட்கார்ந்து ஆடினால் எந்த லேப்டாப்பும் திணறத்தான் செய்யும்.

கேள்வி: லோட்ஷெட்டிங் சமயத்திலும் ஆட வேண்டும். பேட்டரி எத்தனை மணி நேரம் வரும்?

பதில்: 2023 போல தினமும் கரண்ட் போவதில்லை என்றாலும், கேபிள் திருட்டு இருக்கிறவரை கேள்வி நியாயமானது. கணக்கு சுலபம். பேட்டரி 56 வாட்-மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். டைப் அடிக்க 8 வாட் போனால் ஏழு மணி நேரம். கேமுக்கு 40 வாட் போனால் ஒரு மணி 24 நிமிடம். தனி கிராஃபிக்ஸ் உள்ளவை பேட்டரியில் வேகத்தையும் குறைத்துவிடும். இங்கே மெல்லியதுக்கு ஒரு லாபம் உண்டு. டைப்-சி வழியாக 65 வாட்டில் சார்ஜ் ஆகும் மாடல் என்றால், அந்த அளவு கொடுக்கும் பவர் பேங்கே போதும். கரண்ட் போனதும் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள், திரும்ப வரும்போது வோல்டேஜ் எகிறும்.

கேள்வி: விண்டோஸ் 10 போட்ட பழைய லேப்டாப் மலிவாகக் கிடைக்கிறது. "ஃபூட்ஸ்டூட்ஸ், இருக்கிற நிலையில் எடுத்துக்கோ" என்கிறார். வாங்கலாமா?
(பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ளவை, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, விண்டோஸ் 11-க்கு ஆகாது. அப்படியென்றால் விட்டுவிடுங்கள். 8-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் என்றால், விற்பவர் யார் என்று பாருங்கள். கடைக்காரர் என்றால், ஃபூட்ஸ்டூட்ஸ் என்று பொதுவாக ஒரு வார்த்தை சொல்லித் தப்ப முடியாது. இன்ன இன்ன குறை இருக்கிறது என்று அவர் உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால்தான் அந்தக் குறை உங்கள் தலையில் விழும். தன் வீட்டு லேப்டாப்பை விற்கும் தனி ஆள் என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வராது. காசைக் கொடுக்கும் முன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் ஏதாவது வீடியோ ஓடவிட்டுப் பாருங்கள்.