வேலைக்குப் போக முடியாத மாற்றுத்திறனாளிக்குத் தமிழ்நாட்டில் மாதம் எவ்வளவு உதவித்தொகை கிடைக்கும்?

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். வருவாய்த்துறை வழியாக வரும் ஆதரவற்ற மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1500 ரூபாய் ஆனது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை அதே மாதம் 2000 ஆனது. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. அது வேறு, இது வேறு என்று தெரியாமல்தான் நாங்கள் ஒரு வருடத்தைத் தொலைத்தோம்.

இந்தக் கேள்வியைச் சும்மா யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் கட்டிலில் இருப்பார், தாலுகா ஆபீஸ் படியை ஒருமுறையாவது ஏறி இறங்கியிருப்பீர்கள். அதனால் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் பெயின்டர். 2019இல் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். தண்டுவடத்தில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அப்போது அவருக்கு 34 வயது. இடையில் கொரோனா வந்துவிட்டது. 2021இல்தான் சான்றிதழும் அடையாள அட்டையும் கைக்கு வந்தன. 90 சதவீதம் என்று போட்டிருந்தார்கள்.

ஊரில் எல்லாரும் "ஓ.ஏ.பி.க்கு எழுதிப் போடும்மா" என்றார்கள். எங்கள் பக்கம் அரசு தரும் எந்த மாதப் பணத்துக்கும் அதுதான் பேர். இ-சேவை மையத்தில் பதிந்தேன். விசாரணைக்கு வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓட்டு வீடுன்னாலும் சொந்த வீடு. கொழுந்தனுங்க ரெண்டு பேர் சம்பாதிக்கிறாங்க. ஆதரவற்றவர்னு எப்படிம்மா எழுதுறது?" என்றார். மனு தள்ளுபடி. மறுபடி போட்டேன், மறுபடி தள்ளுபடி.

விசாரணைக்கு வந்தவர் சொன்னதை எல்லாம் இவர் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி, "நீ இருக்கும்போது என்னை ஆதரவற்றவன்னு ஏன் எழுதினே?" என்று கேட்டார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறவள் நான். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அதை எடுத்துவிட வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

பிறகு ஒரு திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்க நின்றேன். எனக்கு முன்னால் போலியோ பாதித்த ஓர் அண்ணன். என் காகிதங்களை வாங்கிப் பார்த்துவிட்டு, "தண்டுவடப் பாதிப்புக்குத் தாலுகா ஆபீஸ் போகாதம்மா, மாற்றுத்திறனாளி நல அலுவலகத்துல தனியா இருக்கு" என்றார். 75 சதவீதத்துக்கு மேலான கடும் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தண்டுவடப் பாதிப்பு போன்றவற்றுக்கு அங்கே பராமரிப்பு உதவித்தொகை தருகிறார்கள். கொழுந்தன்மாரைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. ஐந்து மாதத்தில் முதல் 1500 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறியது. அப்போது அவ்வளவுதான்.

"உழைக்காமல் வாங்குகிற இலவசம்" என்று எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மூத்திர டியூபும் டயப்பரும் படுக்கைப்புண் மருந்தும் வாங்கினாலே அந்தப் பணம் தீர்ந்துவிடும். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மற்றவர்களுக்குத் தருவதைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவீதமாவது கூடுதலாகத் தரவேண்டும் என்கிறது. ஆந்திராவில் 2024இல் 3000 ரூபாயை 6000 ஆக்கினார்கள். மத்திய அரசின் இந்திரா காந்தி மாற்றுத்திறனாளி ஓய்வூதியப் பங்கோ 300 ரூபாய்தான், அதுவும் 80 சதவீதப் பாதிப்பும் வறுமைக்கோட்டுப் பட்டியலும் இருந்தால்தான். நான் எந்தக் கட்சிக்காரியும் இல்லை. தொகையைக் கூட்டச் சொல்வது நியாயம் என்பதால் கேட்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இவரைச் சாரத்தில் ஏற்றிய மேஸ்திரி இடுப்புக் கயிறுகூடக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு 10,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார், அதன்பின் போனை எடுக்கவே இல்லை. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையை நாங்களும் புதுப்பிக்காமல் விட்டிருந்தோம். பெயின்டர், கொத்தனார், சென்ட்ரிங் வேலைக்காரர் யாராவது இதைப் படித்தால் இன்றைக்கே உங்கள் அட்டையின் தேதியைப் பாருங்கள்.

கேட்டவருக்கு: சான்றிதழில் என்ன வகைப் பாதிப்பு, எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கிறது? அதைக் கீழே சொல்லுங்கள். எந்த ஆபீஸுக்குப் போகவேண்டும் என்று சொல்கிறேன்.